ஒரு டஜன் பரமசிவம்

எங்கள் மயூர் விஹார் சொசைட்டியில் பரமசிவம் அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் குரலைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. லிஃப்ட் ரிப்பேர் பற்றி சொசைட்டிக் கூட்டத்தில் ஆளாளுக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது, அவர் வலது கையைப் பாதி உயரத்துக்குத் தூக்குவார். யாராவது கவனிக்கிறார்களா என்று பார்ப்பார். கவனிக்கவில்லை என்றதும் அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். காய்கறி வண்டிக்காரனிடம் பேரம் பேசுவதெல்லாம் அவர் மனைவி சாந்தகுமாரி மதினிதான். அண்ணாச்சி பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

எங்களைப் போலவே அம்பாசமுத்திரத்துக்காரர். சின்ன வயதில் குமாஸ்தாவாக டெல்லிக்கு வந்து, லோதி ரோட்டுப் பக்கம் ஒரு அமைச்சகத்தில் படிப்படியாக ஏறி, செக்‌ஷன் ஆபீஸர் என்ற படியில் பல வருஷமாக நின்றுகொண்டிருந்தார். ஃபைலில் எழுதி எழுதிப் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. இன்றைக்கு என்ன குழம்பு வைக்கட்டும் என்று மதினி கேட்டால், "முன்பு செய்தபடியே செய்யலாம்" என்பார். மதினி அதற்குள் வைத்து முடித்திருப்பாள் என்பது வேறு விஷயம்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. அண்டர் செக்ரட்டரி ஆக வேண்டும். செக்‌ஷன் ஆபீஸருக்கு ஹாலில் எல்லோரோடும் சேர்த்து ஒரு மேஜை. அண்டர் செக்ரட்டரிக்குத் தனி அறை, கதவு, கதவில் பெயர்ப் பலகை. ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷம்கூட இல்லை. அந்தக் குளிர்காலத்தில் பதவி உயர்வுக் கமிட்டி உட்காரப்போவதாகவும், பட்டியலில் தன் பெயர் மேலே வந்துவிட்டதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். ஜோசியர் ஒருவர் சொன்னதற்காக ஆள்காட்டி விரலில் ஒரு மஞ்சள் புஷ்பராக மோதிரம் வேறு. கல் கொஞ்சம் பெரியது. அவர் கை போகிற இடத்துக்கெல்லாம் மோதிரம் முதலில் போகும்.

நான் அவர் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். நொய்டாவில் ஒரு விளம்பர கம்பெனியில் வேலை. பிஸ்கட்டைப் பெரிதாக்குவது, பல்லை வெள்ளையாக்குவது, கட்டாத அடுக்குமாடிக்கு முன்னால் இல்லாத புல்வெளியை விரிப்பது என்று பொழுதெல்லாம் போட்டோஷாப்பில் பொய் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். அண்ணாச்சி பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் என் அப்பா என்னை டெல்லிக்கு அனுப்பினார். அண்ணாச்சி பார்த்துக்கொண்ட விதம், சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் மாடியேறி என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

அப்போது பக்கத்து பிளாக்கில் ஜெகன் என்று ஒரு பையன் இருந்தான். டிவி சேனலில் வேலை. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் சினிமா எடுத்தே தீருவது என்று கிளம்பியிருந்தான். தமிழ் எழுத்து தெரியாததால் வசனம் முழுவதையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்திருந்தான். தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்து காத்திருந்து பொறுமை இழந்த ஒரு டெல்லித் தமிழ்க் குடியிருப்பு, குடத்தைத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கட்டிடத்துக்கு ஊர்வலம் போகிற கதை. படத்தின் பெயர் 'வராத லாரி'. கதை நன்றாகவே இருந்தது. ஊர்வலத்துக்குத்தான் ஆள் இல்லை.

படத்தில் எப்படியோ பத்துப் பேரை வைத்துக் கேமராவை ஆட்டிச் சமாளித்துவிட்டான். போஸ்டரில் அது நடக்காது. கதாநாயகன் வெறும் குடத்தோடு முன்னால் நிற்க, பின்னால் ஆயிரம் பேர் கையை ஓங்கிக் கத்திக்கொண்டு வர வேண்டும். இருபது பேரைப் பிடித்துத் தருகிறேன், ஆயிரமாக்கிக் கொடு என்று என்னிடம் வந்தான். நானும் சரி என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பல் தேய்க்கும் ஆள் இல்லாத ஒரு படம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த தமிழர்களை அப்படியே மடக்கி, சொசைட்டிக்குப் பின்னால் இருந்த திடலுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். போஸ்டரில் முகம் வரும் என்று சொன்னதுதான் தப்பு. தண்ணீர் இல்லாமல் தவிக்கிற குடிசைவாசிகளாக வரவேண்டியவர்கள், வீட்டுக்கு ஓடிப்போய் உடை மாற்றிக்கொண்டு காஞ்சிபுரம் பட்டிலும் இஸ்திரி போட்ட சட்டையிலும் வந்து நின்றார்கள். அண்ணாச்சி சஃபாரி சூட். பையில் இரண்டு பேனா. ஜெகன் ரொம்பப் பாடுபட்டு அவரைக் கைலிக்கும் பழைய சட்டைக்கும் மாற்றி, தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டான்.

கத்துங்கள் என்றால் யாரும் கத்தவில்லை. கேமராவைக் கண்டதும் கல்யாண ரிசப்ஷனில் மேடையேறியவர்கள் மாதிரி வரிசையாக நின்று புன்னகை செய்தார்கள். மதினிகூடச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். ஜெகன் அலுத்துப்போய், "அங்கிள், நீங்களாவது ஒரு தடவை ஜோர் ஸே கத்துங்களேன்" என்று சும்மா பக்கத்தில் நின்ற அண்ணாச்சியிடம் சொன்னான்.

அண்ணாச்சி கத்தினார்.

அப்படி ஒரு சத்தத்தை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கை மேலே போனது, பாதியில் நிற்கவில்லை, முழுக்கப் போனது. கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது, கண் மூடியது. வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் "ஏஏஏய்"தான். ஆனால் அதில் முப்பது வருஷத்து 'தங்கள் பார்வைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது' எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரியாக வந்ததா, இன்னொரு தடவை கத்தட்டுமா என்று கேட்டார். அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. உட்கார்ந்து, எழுந்து, பக்கவாட்டில், எகிறிக் குதித்து என்று கத்திக்கொண்டே இருந்தார். ஜெகனும் எடுத்துக்கொண்டே இருந்தான்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது விஷயம் தெளிவாகிவிட்டது. ஊர்வலத்தில் கலந்துகொண்டவர் பரமசிவம் அண்ணாச்சி ஒருவர்தான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். எனவே அவரையே வெட்டி வெட்டி ஒட்டினேன். ஒரு அண்ணாச்சிக்குச் சட்டையைப் பச்சையாக்கினேன். ஒருவருக்கு மீசை வைத்தேன், ஒருவருக்கு வழுக்கை, ஒருவருக்குத் தலைப்பாகை. சிலரை இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். கதாநாயகனுக்குப் பக்கத்தில் முன்வரிசையில் ஒருவர், நடுவில் கொஞ்சம் பேர், தூரத்தில் மங்கலாகக் கொஞ்சம் பேர் என்று ஒரு டஜன் பரமசிவம் தேறினார்கள். இடையில் மற்றவர்களைச் சின்னதாகத் தூவி, புழுதி கிளப்பிவிட்டதும் கூட்டம் ஆயிரத்துக்குப் பஞ்சமில்லாமல் தெரிந்தது.

அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலமானால் சஃபாரி சூட்டைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு வந்துவிடுவார். நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தன்னைத் தேடுவார்.

"செல்வி, மரத்துக்கிட்ட நிக்கது நான்தானே?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"அந்தத் தலைப்பாகை?"

"அதும் நீங்கதான்."

"எனக்குத் தலைப்பாகை நல்லாத்தான் இருக்கு" என்பார். திருப்பிப் போட்ட பரமசிவங்களுக்கு மோதிரம் இடது கைக்குப் போய்விட்டதைக் கண்டுபிடித்து, இடது கையில் போட்டால் பலிக்காது என்று ஜோசியர் சொன்னதாகக் கவலைப்பட்டார். அதற்காக உட்கார்ந்து மோதிரங்களை அழித்தேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை, சாவு வீட்டில் பிணம் என்று சிலரைச் சொல்வார்கள். அண்ணாச்சி ஒருநாளும் அந்த ரகம் இல்லை. ஆனால் ஒரு போஸ்டரில் பன்னிரண்டு இடம் கிடைத்தால் சாமியாருக்கும் கொஞ்சம் ஆசை வரத்தான் செய்யும்.

பின்னணிக்கு ஒரு அரசாங்கக் கட்டிடம் தேவைப்பட்டது. அதையும் அவர்தான் கொண்டுவந்தார். அவர் ஆபீஸில் யாரோ ரிட்டயரானபோது வாசலில் நின்று எல்லோரும் எடுத்துக்கொண்ட போட்டோ. "நம்ம ஆபீஸையே போடு, எடுப்பா இருக்கும்" என்றார். ஆட்களை அழித்துவிட்டு, வாசலையும் தூண்களையும் பெரிதாக்கி, மேலே கறுத்த மேகத்தைப் போட்டேன். எடுப்பாகத்தான் இருந்தது. கொடுத்தவரும் யோசிக்கவில்லை, வாங்கிய நானும் யோசிக்கவில்லை.

யோசித்தவர் வாசுதேவன். அவரும் எங்கள் சொசைட்டிதான். அதே அமைச்சகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். இருவரும் ஒரே சார்ட்டர்டு பஸ்ஸில் போய் வருவார்கள். தன் பன்னிரண்டு அவதாரத்தையும் காட்ட அண்ணாச்சியே ஒருநாள் அவரை மாடிக்கு அழைத்து வந்தார். வாசுதேவன் காபியை ஆற்றிக்கொண்டே திரையை ஆற அமரப் பார்த்தார்.

"பிரமாதம் சார். ஆனா பின்னாடி இருக்கறது நம்ம ஆபீஸ்னா?"

அண்ணாச்சி பெருமையாகத் தலையாட்டினார்.

"ஓ. நம்ம ஆபீஸ் வாசல்ல, நம்ம ஆபீஸுக்கு எதிரா, நீங்களே பன்னெண்டு பேரா நின்னு கோஷம் போடறேள். அச்சா. கமிட்டி என்னைக்கு சார் உக்கார்றது?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சும்மா கேட்டார். ஆனால் அண்ணாச்சியின் முகத்தில் இருந்த ரத்தம் போன இடம் தெரியவில்லை. அரசு ஊழியர் ஊர்வலம் போகக் கூடாது, கோஷம் போடக் கூடாது என்ற நடத்தை விதிகளை அவரே எத்தனையோ பேருக்கு மெமோவில் எழுதி அனுப்பியிருக்கிறார். இது சினிமாதானே, நிஜ ஊர்வலம் இல்லையே என்று நான் சொன்னேன். விதி அப்படித்தான் சொல்லும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் விதியைப் படிக்கிறவன் ஒருவன், ஃபைலில் குறிப்பு எழுதுகிறவன் இன்னொருவன், இரண்டாவது ஆளைத்தான் நம்ப முடியாது என்றார். அவரே அந்த இரண்டாவது ஆளாக முப்பது வருஷம் இருந்தவர்.

வாசுதேவன் போனதும் மெதுவாகச் சொன்னார்.

"செல்வி, என்னைய எடுத்துரு."

"எந்த அண்ணாச்சியை?"

"எல்லாரையும்."

எடுக்கச் சொல்லிவிட்டு அவர் கீழே போகவில்லை. முன்வரிசையில் வாயைத் திறந்துகொண்டு நின்ற பரமசிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. எனக்குச் சிரிப்பும் வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

ஜெகன் குதித்தான். அங்கிள் போனால் போஸ்டர் கதம், மிச்சம் இருப்பது ரிசப்ஷன் போட்டோதான் என்றான். அவன் சொன்னது உண்மை. நடுவில் இருப்பவர்களையும் தூரத்தில் இருப்பவர்களையும் சமாளித்துவிடலாம். கூர்க்காவின் தலை, பால்காரரின் தலை, ஜெகனுடைய தலை என்று வைத்துத் தைத்துவிடலாம். கட்டிடத்தையும் மாற்றிவிட்டேன். எங்கள் சொசைட்டி பிளாக்கையே நாலைந்து தடவை அடுக்கி, பால்கனியில் காய்ந்த உள்பாவாடைகளை அழித்து, ஒரு தலைமைச் செயலகம் கட்டினேன். முன்வரிசை மட்டும் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றது. அங்கே இப்போது அண்ணாச்சி அளவுக்கு ஒரு வெள்ளை ஓட்டை. அந்த இடத்தில் நின்று உண்மையாகக் கத்துகிற ஒரு முகம் வேண்டும்.

அதுவரை கீழிருந்து காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றிருந்த மதினி வாயைத் திறந்தாள்.

"என் மூஞ்சியை வைம்மா. எனக்கு எந்தக் கமிட்டி உக்காரப் போவுது?"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். இதற்கு விதியில் இடம் இருக்கிறதா என்று மனசுக்குள் புரட்டியிருப்பார். மனைவி கத்தக் கூடாது என்று எங்கும் இல்லை போலிருக்கிறது. "பரிசீலிக்கலாம்" என்றார்.

முதல் படம் காலை வெயிலில் எடுத்தது. வெளிச்சம் ஒத்துப்போக வேண்டும் என்பதால் அடுத்த ஞாயிறு காலையில் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தோம். மதினி சமையலறையில் கட்டுகிற நூல் சேலையிலேயே, இடுப்பில் நிஜமான பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள். முகத்தில் வெளிச்சம் விழ, அண்ணாச்சி ஒரு பெரிய தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். ஜெகன் டைரக்டர் தோரணையில், தண்ணி வரவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்றான்.

"நினைக்க என்னப்பா இருக்கு? இன்னைக்கும்தான் வரல."

எங்கள் சொசைட்டியில் விடிவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். அதற்கு எழுந்து மோட்டாரைப் போட்டு, குடத்திலும் பக்கெட்டிலும் பிடித்து வைப்பது மதினி. அண்ணாச்சி எழும்போது வாளியில் வெந்நீர் தயாராக இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்பது அவர் பார்வைக்கு ஒருநாளும் சமர்ப்பிக்கப்பட்டதில்லை. இதையெல்லாம் நான் அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன், ஏனென்றால் மதினி குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போட்ட சத்தம் அப்படி.

"தண்ணி ஏன் வரலைன்னு போய்க் கேக்க இங்க ஒரு ஆம்பள கிடையாதா?"

கீழே நாய் குரைத்தது. எதிர் பிளாக்கில் மூன்று ஜன்னல் திறந்தது. ஜெகன் க்ளிக் செய்தானா இல்லையா என்று ஒரு நிமிஷம் அவனுக்கே தெரியவில்லை. அண்ணாச்சியின் கையில் இருந்த தெர்மாகோல் காற்றில் பறந்து தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது. அவர் அதை எடுக்கப் போகவில்லை. சினிமாவுக்காகக் கேட்டதா, தன்னைக் கேட்டதா என்று தெரியாத முகத்தோடு அப்படியே நின்றார். மதினி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இது போதுமா, அடுப்பில் சாம்பார் கிடக்கிறது என்று சொல்லிக் கீழே போய்விட்டாள்.

அந்தப் படத்தில் நான் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தவில்லை. வெட்டி எடுத்து ஓட்டையில் வைத்தேன், உட்கார்ந்துவிட்டது. கதாநாயகனை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஜெகனே வருத்தப்பட்டான். ஒரே ஒரு சிக்கல். மதினியின் தோளுக்குப் பின்னால், பழைய பரமசிவத்தின் ஓங்கிய வலது கை மட்டும், நான் அதைத் தனித் துண்டாக ஒட்டியிருந்ததால், மிச்சம் இருந்தது. ஆள் போய்விட்டார், கை அங்கேயே நின்றது. அதையும் அழிக்கட்டுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கை இருக்கட்டும். கைக்குப் பேரு கிடையாதுல்லா."

போஸ்டர் அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது, கைக்குப் பெயர் இல்லாவிட்டாலும் மோதிரம் இருக்கிறது என்று. திருப்பிப் போட்டவர்களின் மோதிரத்தை எல்லாம் கவனமாக அழித்த நான், இந்த ஒன்றை விட்டுவிட்டேன். திரையில் கடுகு அளவாக இருந்தது, பெரிய போஸ்டரில் மஞ்சள் பட்டாணி மாதிரி பளிச்சென்று நின்றது. அதற்குள் ஜெகனின் நண்பர்கள் ஜனக்புரியிலிருந்து மயூர் விஹார் வரை தமிழர்கள் நடமாடுகிற இடமாகப் பார்த்து ஒட்டித் தள்ளிவிட்டார்கள். லோதி ரோட்டில், அண்ணாச்சியின் ஆபீஸ் கேட்டுக்கு எதிரே டீக்கடைச் சுவரிலும் ஒன்று. கமிட்டி உட்கார இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னவர் வாசுதேவன். அண்ணாச்சி தானாக இதைச் சொல்லவில்லை.

டெல்லிக் குளிரில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மொத்த அரசாங்கமும் வெயில் காய வெளியே வந்துவிடும். ஸ்வெட்டரும் மஃப்ளருமாகப் புல்வெளியில் உட்கார்ந்து கடலை உரிக்கும். அன்றைக்கு அண்ணாச்சியும் வாசுதேவனும் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தபோது அவர்களுடைய ஜாயின்ட் செக்ரட்டரி மேடம் கடலைப் பொட்டலத்தோடு நடந்து வந்தார். கமிட்டிக்குப் போகிற குறிப்பில் கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தான். டீக்கடைச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். தமிழ் தெரியாது. ஆனால் கத்துகிற முகத்தைப் படிக்க எழுத்து எதற்கு? அண்ணாச்சி மதராஸி என்று தெரியுமாதலால் அவரைக் கூப்பிட்டு, மதினியின் முகத்தைக் காட்டி, இது யார் என்று ஹிந்தியில் கேட்டார்.

"யே கௌன் ஹை?"

அண்ணாச்சியின் வலது கை அதற்கு முன்பே கோட்டுப் பைக்குள் போய்விட்டதாம். தெரியாது மேடம், யாரோ நடிகை என்று சொல்லியிருக்கலாம். தமிழ் சினிமா பார்ப்பதில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். வாசுதேவன் பக்கத்தில் நின்று, அப்படித்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தாராம். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். குடத்தைத் தூக்கிப் பிடித்து, ஒரு ஆம்பளை கிடையாதா என்று மதினி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேரி வைஃப் ஹை, மேடம்."

மேடம் போஸ்டரைத் திரும்ப ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். அப்புறம் கடலைப் பொட்டலத்தை அண்ணாச்சி பக்கம் நீட்டினார். இங்கேதான் நம் ஊர் வளர்ப்பு காலை வாரிவிட்டது. பெரியவர்கள் கொடுப்பதை இடது கையால் வாங்க அம்பாசமுத்திரத்தில் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அண்ணாச்சி ஒரு கணம் தவித்தார். பிறகு பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து நீட்டினார். வெயிலில் புஷ்பராகம் மின்னியது. மேடம் கையைப் பார்த்தார், சுவரில் இருந்த கையைப் பார்த்தார், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கை நிறையக் கடலையைக் கொட்டினார். தன் வீட்டிலும் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

கமிட்டி உட்கார்ந்தது, எழுந்தது. அண்ணாச்சி அண்டர் செக்ரட்டரி ஆனார். போஸ்டருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பட்டியல் எப்போதோ முடிவானதாம். இவ்வளவு பயந்ததற்கு யாரும் ஒரு குறிப்புக்கூட எழுதவில்லையே என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். கதவில் பெயர் வந்தது. மதினியை ஒருநாள் ஆபீஸுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அங்கே இருந்த பியூன் பெயர்ப் பலகையைப் பார்க்காமல் மதினியைப் பார்த்து, 'போஸ்டர்வாலி மேடம்' என்று கும்பிட்டானாம். இதையும் வாசுதேவன்தான் சொன்னார்.

படம் ஓடியதா என்று கேட்காதீர்கள். தமிழர் அரங்கு ஒன்றில் ஒரே ஒரு காட்சி ஓடியது. பாதிப் பேர் தாங்கள் எங்கே வருகிறோம் என்று பார்க்க வந்தவர்கள். ஆனால் இன்னொரு காரியம் நடந்தது. அடுத்த சொசைட்டிக் கூட்டத்தில் தண்ணீர் பற்றிப் பேச்சு வந்தபோது, அண்ணாச்சி கையைத் தூக்கினார். யாரும் பார்க்கவில்லை. தலையைச் சொறியாமல் அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு நின்றார், சொசைட்டி செக்ரட்டரி பார்க்கும்வரை. மறுநாளிலிருந்து விடிவதற்கு முன்னால் மோட்டார் போடுவது அவர்தான். முதல் வாரம் அணைக்க மறந்து, கீழ்வீட்டு ராஜாத்தி அம்மாள் வீட்டுப் பால்கனியில் வெள்ளம் விட்டார். இருந்தாலும் போட்டார்.

ரிட்டயரான அன்று சாயங்காலம், கழுத்தில் மாலையின் ஈரம் காயாமல், ஆபீஸில் கொடுத்த சூட்கேஸைக் கையில் பிடித்தபடி நேராக மாடிக்கு வந்தார். பின்னாலேயே மதினி.

"செல்வி, அந்தப் பழைய என்னைய அழிச்சிட்டியா, வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். போட்டோஷாப்பில் யாரையும் அழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆளும் தனித்தனிக் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு லேயர். லேயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். அந்தக் கண்ணை மூடினால் ஆள் மறைந்துவிடுவார், போகமாட்டார். அப்படித்தான் ஒரு டஜன் பரமசிவமும் என் கம்ப்யூட்டரில் கண்மூடிக் கிடந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். தலைப்பாகை, வழுக்கை, பச்சைச் சட்டை என்று எல்லோரும் கத்திக்கொண்டே எழுந்து வந்தார்கள். அண்ணாச்சி சூட்கேஸைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு பேரு வேண்டாம். ஒருத்தன் போதும், அவ பக்கத்துல."

முன்வரிசையில் இருந்தவரை மட்டும் விட்டு, மற்ற கண்களை மூடினேன். மதினியின் தோளுக்குப் பின்னால் நின்ற கைக்கு ஆள் வந்து சேர்ந்தார். வாயைத் திறந்து, கழுத்து புடைத்து, மனைவிக்குப் பின்னாலிருந்து கத்திக்கொண்டிருந்தார். இதை ஒரு பெரிய பிரிண்ட் போட்டுக் கொடு, ஹாலில் மாட்டணும் என்றார். சொல்லிவிட்டு வழக்கம்போல நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்தார்.

"செல்வி, அவளைவிட நான் கொஞ்சம் சின்னதாத் தெரியுதேன்?"

"மதினி முன்னால நிக்காவ அண்ணாச்சி. நீங்க பின்னால நிக்கிய."

பெரிதாக்குவது எனக்கு ஒரு நிமிஷ வேலை என்பது அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு திரும்பிக் கதவோரம் நின்ற மதினியைப் பார்த்தார்.

"அச்சா" என்றார். "முன்பு இருந்தபடியே இருக்கட்டும்."